காணி இல்லாதவனுக்குக் கல்வீடு எங்கே?

வீடு! இரண்டே எழுத்து. ஆனால் இந்த நாட்டிலே அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, மனிதன் வாழ்கிற இல்லம். மற்றொன்று, மனிதன் மாண்ட பிறகு கிட்டுமென்று சொல்லப்படுகிற மேலுலக இன்பம். அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கை அடுக்கிச் சொல்வார்கள் புராணிகர்கள். வள்ளுவரோ அறத்துக்கு ஒரு பால், பொருளுக்கு ஒரு பால், இன்பத்துக்கு ஒரு பால் என மூன்றோடு நிறுத்திக்கொண்டார். நான்காவதற்கென்று அவர் தனிப் பால் வகுக்கவில்லை. செத்த பிறகு கிடைக்கும் வீட்டுக்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காணிக்கை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிடத் தரகர்களும் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு வீடு வேண்டுமே, அதற்கு வழி என்ன? நாம் கேட்பது அதைத்தான்.

புதுவையைப் பார்த்துக் கேட்கிறோம். வெளியூர்க்காரர் புதுவைக்கு வருகிறார். கடற்கரையிலே உலாவுகிறார். மஞ்சள் சுவர்களைக் கண்டு மயங்குகிறார். காகிதப்பூக் கொடியின்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். "என்ன அழகு! என்ன அமைதி!" என்கிறார். அழகுதான், மறுக்கவில்லை. அந்தச் சுவருக்கு மஞ்சள் பூசியவன் மாலையிலே எங்கே போகிறான்? அவர் தங்கிய விடுதியிலே எச்சில் தட்டுக் கழுவியவள் எந்தக் கூரையின்கீழ்ப் படுக்கிறாள்? வியந்தவர் இதைக் கேட்கமாட்டார். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது வேலையுமல்ல. ஆனால் கழகத்தான் கேட்டாக வேண்டும்.

வாய்க்காலும் வர்ணமும்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையிலே ஊரை இரண்டாக வெட்டியது ஒரு பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரத்திலே, வெள்ளை நகரம். உயர்ந்த மதில், அகன்ற முற்றம், காற்று வந்து கொஞ்சுகிற மாடம். வாய்க்காலுக்கு மேற்கே கறுப்பு நகரம். அங்கே தமிழன் வாழ்ந்தான்.

தமிழனாவது ஒன்றாக வாழ்ந்தானா? வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி, வைசியாள் வீதி என்று வீதிக்கு வீதி சாதியின் பலகை. நிறத்தால் கோடு கிழித்தது வெள்ளைக்காரனின் வாய்க்கால். அதற்கு முன்பே குலத்தால் கோடு கிழித்து வைத்திருந்தது வர்ணாசிரமம். வெள்ளைக்காரன் தோண்டிய கோட்டிலாவது தண்ணீர் ஓடிற்று. நம்மவர் கிழித்த கோட்டிலே மனிதனின் மானம் அல்லவா ஓடிற்று! இரண்டு கோட்டுக்கும் அப்பால், ஊரின் விளிம்பிலே, கீற்றுக் குடிசையிலே குந்தியிருந்தான் உழைப்பாளி.

அந்த உழைப்பாளி சும்மா இருந்துவிடவில்லை. 1936ஆம் ஆண்டு ஜூலை 30. புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர் உரிமை கேட்டு நின்றனர். துப்பாக்கி பேசிற்று. பன்னிரண்டு பேர் மண்ணில் சாய்ந்தனர். அவர்கள் சிந்திய குருதி வீண்போகவில்லை. எட்டு மணி நேர வேலை 1937இல் புதுவையிலே சட்டமாயிற்று. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்பது உலகத் தொழிலாளரின் முழக்கம். வேலைக்கு ஆலை இருந்தது. ஓய்வுக்கும் உறக்கத்துக்கும்? அதற்கு இடம் வேண்டாமா? இருபத்து நான்கு மணியில் பதினாறு மணிக்கு இடமில்லாதவன், எட்டு மணிக்கு மட்டும் உரிமை பெற்றான்!

பாரிசிலே ஒரு நீதி

தோழர்களே, 1954ஐ நாம் எல்லோரும் அறிவோம். அந்த ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரிலே 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறிற்று.

அதே 1954இலே, பிப்ரவரி மாதத் தொடக்கத்திலே, பாரிசில் நடந்தது என்ன? கொடும் பனி. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு பெண், நகரத்தின் பெரிய சாலையொன்றின் நடைபாதையிலே விறைத்துச் செத்தாள். வெளியேற்ற உத்தரவு அவள் கையிலே இருந்தது. வானொலியிலே ஒரு பாதிரியார் அந்தச் செய்தியைச் சொன்னார். நாடே கொதித்தது. போர்வைகள் குவிந்தன, பணம் குவிந்தது. அதோடு நின்றிருந்தால் அது வெறும் தருமம். நிற்கவில்லை. குளிர்காலத்திலே குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1956இல் சட்டம் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தடை தொடங்கும் நாள் எது தெரியுமா? நவம்பர் 1! நாம் விடுதலை நாளென்று கொடியேற்றுகிற அதே நாள்!

மிதமான வாடகைக்குப் பொது நிறுவனங்கள் வீடு கட்டிவிடும் முறை அந்த நாட்டிலே 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சட்டமாகத் தொடங்கி, 1950க்குப் பிறகு வேகம் பிடித்தது. 2000இலே இன்னொரு சட்டம் செய்தார்கள். பெரிய நகரங்களும் அவற்றை ஒட்டிய ஊர்களும், தங்களிடமுள்ள வீடுகளில் நூற்றுக்கு இருபதாவது எளியோருக்கான பொதுக் குடியிருப்பாக வைத்திருக்க வேண்டும். பின்னர் பல ஊர்களுக்கு அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. தவறும் ஊராட்சி அபராதம் கட்ட வேண்டும். அந்த ஊராட்சிக்கு அவர்கள் வைத்த பெயர் கொம்யூன்.

கொம்யூன்! நமக்குப் பழகிய சொல்லாயிற்றே! அரியாங்குப்பம் கொம்யூன், வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் என்று இன்றும் சொல்கிறோமே! பிரெஞ்சுக்காரன் கப்பலேறும்போது அந்தச் சொல்லை நம்மிடம் விட்டுப் போனான். தன் நாட்டிலே அந்தச் சொல்லின் தலையில் ஏற்றிய கடமை மட்டும் இங்கே வந்து சேரவில்லை. அவனைக் குறைசொல்லிப் பயனில்லை, அவன் போய்விட்டான். ஆள்வது நாம். கடமையும் நம்முடையதே.

மூன்று கதவுகள்

புதுவையிலே வீட்டுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மூன்று கதவுகள் இருக்கின்றன. நியாயமாக அவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

முதற்கதவு, வீட்டு வசதி வாரியம். வாரியம் நிலம் எடுக்கிறது. மனை பிரிக்கிறது. சாலை, கழிவுநீர், குடிநீர், மின்சாரம் எல்லாம் அமைக்கிறது. நலிந்த பிரிவினர், குறைந்த வருவாய்ப் பிரிவினர், நடுத்தர வருவாய்ப் பிரிவினர், உயர் வருவாய்ப் பிரிவினர் என்று வகுத்து, மனையாகவோ வீடாகவோ ஒதுக்குகிறது. விலையை மொத்தமாகக் கட்ட முடியாதவர் மாதத் தவணையில் கட்டலாம். கடைசித் தவணை தீர்ந்த பிறகு கிரயப் பத்திரம் கைக்கு வரும்.

இரண்டாங்கதவு, குடிசை மாற்று வாரியம். குடிசைப் பகுதிகளிலே அடுக்குக் குடியிருப்பு கட்டித் தருவது ஒரு வேலை. சொந்த மனையிலே கீற்றுக் கொட்டகை போட்டிருப்பவருக்கு அதைக் கல்வீடாக்க மானியம் தருவது இன்னொரு வேலை. காமராசர் நூற்றாண்டின் பெயரால் வந்த கல்வீட்டுத் திட்டத்தைப் புதுவையிலே அறியாதவர் இல்லை.

மூன்றாங்கதவு, ஆதிதிராவிடர் நலத்துறை. மனையில்லா ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இலவச மனைப்பட்டா தருவதும் வீடு கட்ட உதவுவதும் அதன் பொறுப்பு.

இந்த மூன்றோடு டில்லியின் திட்டமும் சேர்ந்துகொண்டது. 2015இலே, "2022க்குள் அனைவருக்கும் வீடு" என்று முரசு கொட்டினார்கள். 2022 வந்தது, போனது. 2024இலே அதே திட்டத்துக்கு இரண்டாம் பாகம் வெளியிட்டார்கள், சினிமாவுக்கு இரண்டாம் பாகம் வருவதுபோல! ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம், நாட்டிலே எங்கும் கல்வீடு இல்லாத குடும்பம், தன் மனையிலே வீடு கட்டிக்கொண்டால், இரண்டாம் பாகத்தின்படி புதுவைக்கு ஒன்றிய அரசின் பங்கு 2.25 லட்சம். குறைந்தது 25 ஆயிரம் புதுவை அரசு தர வேண்டும். ஆக 2.5 லட்சம். வீட்டின் அளவு குறைந்தது 30 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 323 சதுர அடி.

பட்டியலைப் படித்தால் பஞ்சமே இல்லை. பிறகு ஏன் பஞ்சப்பாட்டு என்பார் சிலர். சொல்கிறோம்.

கோப்பு விதி

கொத்தனார் ஒருவர் அலுவலகப் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு கரண்டி பிடித்த கை.

"ஐயா, வீடு கட்ட மானியம் தர்றதாச் சொன்னாங்க."

"ஆமா, தர்றோம். பட்டா நகல் கொண்டாந்தீங்களா?"

"பட்டாவா? எனக்கேதுங்க நிலம்? வாடகை வீட்லதான் இருக்கிறேன்."

"சொந்த மனை இருந்தாத்தானே கட்ட முடியும்? மனை இல்லாதவங்களுக்கு இதுல வழியில்லையே."

"அப்ப வாரியத்துல தவணைக்கு வீடு தர்றாங்களே, அது?"

"அதுக்குப் போடலாம். சம்பளச் சீட்டு இருக்கா?"

"நான் கொத்தனாருங்க ஐயா. இன்னிக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. மழை புடிச்சா அந்த வாரமே இருக்காது. எனக்குச் சீட்டு யாரு குடுப்பாங்க?"

அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறார். அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. விதி அப்படி. தலைவிதி அல்ல தோழர்களே, கோப்பு விதி! தலையெழுத்தை மாற்ற முடியாது என்றது பழைய பித்தலாட்டம். கோப்பெழுத்தை மாற்ற முடியாது என்பது புதிய பித்தலாட்டம். இரண்டையும் எழுதியவன் மனிதன். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம்.

ஊருக்கெல்லாம் கடைக்கால் தோண்டினார், தளம் போட்டார், பூசி மெழுகினார் அந்தக் கொத்தனார். அவருக்கு ஏன் வழியில்லாமற் போயிற்று? காரணத்தை ஆராய வேண்டும். ஆத்திரப்பட்டால் மட்டும் போதாது.

மானியத் திட்டம் காணி வைத்திருப்பவனிடம் ஆரம்பிக்கிறது. அரைக்காணி வேண்டாம், ஒரு சென்ட் மனையாவது இருக்க வேண்டும். இருப்பவனுக்கு மேலும் கொடுக்கிறது. அவனும் ஏழைதான், அவனுக்குக் கொடுப்பது நியாயம்தான். ஆனால் காணியே இல்லாதவன் அவனைவிட ஏழை. வாடகைக் கூட்டிலே வாழ்பவன், புறம்போக்கிலே ஒண்டியவன், வாய்க்கால் கரையிலே கொட்டகை போட்டவன் இவர்களெல்லாம் படிக்கு வெளியே நிற்கிறார்கள். அடுக்குமாடி கட்டி விற்கவும், வாடகைக்கு விடவும் டில்லித் திட்டத்திலே தனிப் பிரிவுகள் உண்டு. காகிதத்திலே உண்டு. புதுவையில் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதோ மனைக்காரருக்கான மானியம்தான்.

வீட்டு வாரியத்தின் கதை வேறு. வாரியங்களுக்குச் சர்க்கார் அள்ளிக் கொடுப்பதில்லை. ஹட்கோ போன்ற நிறுவனங்களிடமும் வங்கிகளிடமும் கடன் வாங்கித்தான் அவை கட்டுகின்றன. கடனுக்கு வட்டி. வட்டி வீட்டின் விலையிலே ஏறுகிறது. தவணை தவறாமல் வந்தால்தான் வாரியம் கடனைத் தீர்க்கும். ஆகவே, தவறாமல் கட்டக்கூடியவரைத் தேடுகிறது. தவறாமல் கட்டக்கூடியவர் யார்? மாதச் சம்பளக்காரர். ஏழைக்கென்று தொடங்கிய வாரியங்கள் நாடெங்கும் மெள்ள மெள்ள நடுத்தர வகுப்பாரின் வாசலுக்கு நகர்ந்ததற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. கடன் என்கிற கயிறு அப்படி இழுக்கிறது. வண்டியைத் திட்டிப் பயனில்லை, மாட்டை எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மனை இருப்பவருக்கும் வழி மலர்ப்பாதை அல்ல. மானியம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம் எழும்பினால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, தளம் போட்டால் ஒரு தவணை. வேலையைப் பார்த்துப் பணம் தருவது நல்ல முறைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பேஸ்மட்டம் போடவே பணம் இல்லாதவர் முதல் தவணையை எப்படித் தொடுவார்? இருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரித்தாயிற்று. கம்பி விலை ஏறுகிறது, மணல் விலை ஏறுகிறது, அறிவித்த மானியம் மட்டும் அசையாமல் நிற்கிறது. தவணை ஒரு மாதம் தள்ளினால், வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். பேஸ்மட்டத்தோடு நின்று, செடி முளைத்துக் கிடக்கும் சுவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது சுவரல்ல, பாதியில் நின்றுபோன வாக்குறுதி.

குலுக்கலுக்குச் சாதி தெரியாது

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, வாரியமே வேண்டாம், எல்லாம் சந்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் சொல்வோமா? ஒருக்காலும் சொல்லமாட்டோம். ஏன்?

வாடகைக்கு வீடு தேடிப் போன தோழர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் முதலில் முன்பணம் கேட்பதில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார். "கறி மீன் சமைப்பீங்களா?" என்று சுற்றி வளைக்கிறார். பெயரைக் கேட்டு மதத்தை எடைபோடுகிறார். காலையிலே காலியாக இருந்த வீடு, பதில் கேட்டவுடனே "நேத்தே வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோமே" ஆகிவிடுகிறது! தீண்டாமையைச் சட்டம் ஒழித்துவிட்டது என்பார்கள். வாடகைப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அது பல்லிளிக்கிறது.

பொது வாரியத்தின் குலுக்கலிலே இந்தக் கேள்வி எழ முடியுமா? சீட்டு எடுக்கிற கை, எண்ணைத்தான் எடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் குலம் என்று குலுக்கல் டப்பாவுக்குத் தெரியாது. மீனவர் வீட்டுக்குப் பக்கத்திலே முடிதிருத்துவோர், அவருக்கு எதிரிலே ஆசிரியர், மாடியிலே துப்புரவுத் தொழிலாளி. வைசியாள் வீதியும் வெள்ளாளர் வீதியும் செய்ய மறுத்ததை ஒரு தகர டப்பா செய்துவிடுகிறது!

கலைஞர் இதைத் திட்டமிட்டே செய்தார். தந்தை பெரியார் பெயரால் சமத்துவபுரம் கண்டார். மதுரை மாவட்டம் மேலக்கோட்டையிலே 1998இல் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். நாற்பது ஆதிதிராவிடருக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து ஏனையோருக்கு. சேரி தனி, ஊர் தனி என்பதற்கு விடை அது. செங்கல்லாலும் சிமெண்டாலும் எழுதப்பட்ட சுயமரியாதைப் பிரச்சாரம் அது.

இன்னொன்றும் உண்டு. சொத்திலே பெண்ணுக்குப் பங்கு வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே சுயமரியாதை இயக்கம் தீர்மானம் போட்டபோது சிரித்தவர் எத்தனை பேர்! அறுபது ஆண்டு கழித்து, 1989இலே, கலைஞர் ஆட்சி அதைத் தமிழ்நாட்டிலே சட்டமாக்கிற்று. இன்று டில்லித் திட்டத்திலேயே, வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்கிறார்கள். செங்கற்பட்டிலே விதைத்தது டில்லியிலே முளைக்கிறது. சந்தை இதைச் செய்யுமா? சர்க்கார் கட்டும் வீட்டிலேதான் சமூக நீதி குடிபுக முடியும்.

இடம் மாறினால் பிழைப்பும் மாறும்

வீடு கொடுப்பதென்று முடிவு செய்தாயிற்று. எங்கே கொடுப்பது?

1970இலே கலைஞர் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் கண்டபோது, ஏழையின் சிரிப்பிலே இறைவனைக் காணலாம் என்ற அண்ணாவின் வாக்கே அதன் முழக்கமாயிற்று. குடிசை இருந்த இடத்திலேயே மாடி எழுப்புவதுதான் அன்று கொண்ட நெறி. பிற்காலத்திலே, நகருக்குள் நிலம் கிடைக்கவில்லை என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பல்லாயிரம் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. கல்வீடு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு வேலை தூரமாயிற்று. பிள்ளைக்குப் பள்ளி தூரமாயிற்று. கூலியிலே ஒரு பங்கைப் பேருந்து தின்றது. அது எல்லா ஆட்சிக்கும் பாடம்.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கிலே 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குப் பொருந்தும். வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றது. நடைபாதையிலே மனிதன் குடியிருப்பது அங்கே பிழைப்பு இருப்பதால் என்பதையும் உணர்ந்து சொன்னது. முறையாக அறிவித்துவிட்டு அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு கூறிற்று என்பதை மறைக்கமாட்டோம். ஆனால் வீடும் வேலையும் ஒட்டிப் பிறந்த இரட்டை என்ற உண்மை சட்டப் புத்தகத்திலே ஏறிவிட்டது.

புதுவைக் குமரகுருபள்ளத்திலே, ஏழைகள் வாழ்ந்த பழைய குடியிருப்புக்குப் பதிலாக அதே பகுதியிலே அடுக்குமாடி எழுப்பப்பட்டது. இடம் பெயர்க்காத அந்த வழி சரியான வழி. யார் செய்தாலும் நல்லதை நல்லதென்போம். மாடி உயர்ந்தால் மின்தூக்கி ஓட வேண்டும், தண்ணீர் ஏற வேண்டும், பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

நிலமா இல்லை?

"புதுவை சின்ன ஊர், நிலத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி புதுவை மாவட்டத்தின் மக்கள் ஏறக்குறைய 9.5 லட்சம். பரப்பு 300 சதுர கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நெருக்கம்தான்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 700 சதுர கிலோ மீட்டரைச் சற்றே தாண்டிய தீவு. ஐம்பது லட்சத்துக்கும் மேல் மக்கள். நெருக்கம் நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1960இலே வீட்டு வாரியம் வைத்தார்கள். 1961இலே புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியிலே பெருந்தீ. ஏறத்தாழ 16 ஆயிரம் பேர் வீடிழந்தனர். வாரியம் அங்கேயே அடுக்குவீடு எழுப்பத் தொடங்கிற்று. 1966இலே நிலத்தைப் பொதுவுக்கு எடுக்கச் சட்டம் செய்தார்கள். இன்று குடிமக்களில் ஐந்தில் நான்கு பேர் வாரிய வீடுகளிலே வாழ்கிறார்கள். ஒரே கட்டடத்திலே சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989இல் விகிதமும் வகுத்தார்கள். அந்த ஊரின் ஆட்சிமுறை எல்லாம் நமக்கு உகந்தது என்று சொல்லவரவில்லை. அங்கே கட்டட வேலைக்குப் போகும் நம் தமிழ்த் தொழிலாளி அடைபட்டுக் கிடக்கும் விடுதி வேறு கதை. ஆனால் நிலம் சிறிது என்பது சாக்கு, மனம் சிறிது என்பதே உண்மை என்று அந்தத் தீவு காட்டிவிட்டது.

புதுவையிலே நிலம் இல்லையா? ரோடியர் ஆலை என்று நம்மவர் அழைக்கும் ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. அது அரசுக் கழகத்தின் கையிலே இருந்த ஆலை. சுதேசியும் பாரதியும் ஓய்ந்தன. சங்கு ஊதினால் ஊர் எழும், சங்கு ஊதினால் ஊர் உண்ணும் என்றிருந்த காலம் போயிற்று. அந்த ஆலைகளைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டியவர்களின் பிள்ளைகள் இன்று வாடகைக்கு அலைகிறார்கள். ஆலை மண் அவர்கள் வியர்வையால் ஊறிய மண். அது கைமாறிச் சொகுசு மாளிகைகளுக்குப் போவதா, உழைப்பாளிக்குக் குடியிருப்பு ஆவதா? வரலாற்றுச் சின்னமாக நிற்க வேண்டிய கட்டடம் நிற்கட்டும். தொழில் மீண்டும் வர வாய்ப்பிருந்தால் அதற்கும் இடம் ஒதுக்கட்டும். ஒரு பகுதியிலே எளிய வாடகைக்குத் தொழிலாளர் குடியிருப்பு எழும்பட்டும் என்கிறோம். எட்டு மணி நேரம் கேட்டு உயிர் கொடுத்தவர்களின் பேரர்களுக்கு, மீதிப் பதினாறு மணிக்கு இடம் கேட்கிறோம்.

நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: காணி இல்லாதவருக்கு முதலில் காணி. அரசு, ஆலை, புறம்போக்கு நிலங்களைக் கணக்கெடுத்து, குடியிருப்புக்கென்று ஒரு பகுதியைப் பொதுவாக ஒதுக்க வேண்டும்.

இரண்டு: விற்பனை வீடு மட்டும் போதாது, வாடகை வீடும் வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத கொத்தனாரும் சித்தாளும் மீன் விற்பவளும் மூட்டை தூக்குபவரும் குடியேறத்தக்க வாடகை. அதன் செலவைக் கடனாலன்றி வரவுசெலவுத் திட்டத்தின் பணத்தால் தாங்க வேண்டும்.

மூன்று: மானியத்தின் முதல் தவணை கடைக்கால் தோண்டும்போதே கைக்கு வர வேண்டும். பிறகு வருவது குறித்த நாளில் வர வேண்டும்.

நான்கு: புதுவைக்கு முழு மாநிலத் தகுதி. 1963 முதல் சட்டமன்றம் உண்டு, அமைச்சர்கள் உண்டு. மாநிலத் தகுதி கேட்டுப் பலமுறை தீர்மானமும் உண்டு. சாவி மட்டும் டில்லியிலே! தன் நிலத்திலே தன் ஏழைக்கு வீடு கட்டும் கோப்பு, துணைநிலை ஆளுநர் மாளிகை வாசலைச் சுற்றி வரும்படி இருக்கலாமா? மாநில சுயாட்சி என்று கழகம் முழங்குவது மேடை அலங்காரத்துக்காக அல்ல தோழர்களே, கொத்தனார் வீட்டுக் கூரைக்காகவும்தான்.

கோரிக்கை எழுதியாயிற்று, இனி சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. கிளைக் கழகத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் வட்டத்திலே வீதி வீதியாகப் போங்கள். சொந்த மனை இருந்தும் கீற்றிலே வாழ்பவர் யார், மனையே இல்லாதவர் யார் என்று இரண்டு பட்டியல் எடுங்கள். முதற் பட்டியலில் உள்ளவருக்கு ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று, பட்டா நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். தரகனுக்குப் பத்துக் காசு போகக் கூடாது. இரண்டாம் பட்டியலை வைத்திருங்கள். அது மனுவாகும், தீர்மானமாகும், தேவைப்பட்டால் ஊர்வலமாகும். முப்பது ஆண்டு கரண்டி பிடித்த அந்தக் கொத்தனாரின் பெயர் அந்தப் பட்டியலிலே முதல் வரியாக இருக்கட்டும்.

வீடு பிச்சையன்று, உரிமை. கேட்போம்! பெறுவோம்!